நாற்பத்தேழு சுற்று

— ஆடாம இரு, அக்கா.

— நான் எங்கடி ஆடுறேன்? உன் கைதான் ஆடுது, ஹூரியா.

— ரெண்டு மணி நேரம் ஹம்மாம் குளியல்ல உன் தலையைத் தேய்ச்சா, கையில எலும்பா மிச்சம் இருக்கும்? நல்லா சாய்ஞ்சுக்க. அடியில இன்னும் சொட்டுது.

— நான் சொன்னது காதுல விழுந்துச்சா?

— என்ன சொன்ன?

— வெட்டுன்னு சொன்னேன்.

— விழல.

— ஒரு சாண் வெட்டு.

— இப்பவும் விழல. ரேடியோ சத்தமா இருக்கு.

— ரேடியோ போடவே இல்லடி.

— ... தூக்கக் கலக்கம் உனக்கு. ஹம்மாம்ல இருந்து வந்தா எப்பவும் இப்படித்தான், பாதி இங்க, பாதி எங்கயோ. இந்தா காப்பி. ஆரஞ்சுப்பூத் தண்ணி ரெண்டு சொட்டு விட்டிருக்கேன்.

— குடிக்கிறேன். குடிச்சிட்டும் அதையேதான் சொல்லுவேன்.

— வஸீலா அக்கா, பதினோரு வருஷமா கத்தரி படாத தலை இது. இதே மாதிரி ஒரு வியாழக்கிழமை, அதே ஹம்மாம்ல, இடுப்புல துண்டோட எழுந்து நின்னு, அத்தனை பொம்பளைங்க முன்னாடி சத்தியம் பண்ணினது யாரு? "என் தம்பி நாதிர் காலு நம்ம அன்னாபா மண்ணுல படற வரைக்கும் என் தலையில கத்தரி படாது"ன்னு? நானா சொன்னேன்?

— நாந்தான் சொன்னேன். சோப்பு கண்ணுல பட்டு எரிஞ்சுச்சு. எல்லாரும் நான் அழறேன்னு நெனைச்சாங்க.

— அழத்தான் செஞ்ச.

— ரெண்டும்தான்.

— அப்ப எந்த வாயால இன்னிக்கு வெட்டுன்னு கேக்குற? நாதிர் வந்துட்டானா? துறைமுகத்துல பெட்டியோட நிக்கிறானா?

— கழுத்து வலிக்குதுடி. ஈரமா இருக்கும்போது ஒரு ஆட்டுக்குட்டியைத் தோள்ல போட்டுட்டு நடக்குற மாதிரி இருக்கு. வீட்டுக்காரர் வேற...

— தாஹர் மாமாவா? அவரு என்ன சொல்றாரு?

— கட்டில்ல மூணாவது ஆளு படுத்திருக்காம். கொஞ்சம் நகர்ந்து படு, நகர்ந்து படுன்னு முடிகிட்டப் பேசுறாரு.

— அதை அவரு பதினோரு வருஷமா சொல்றாரு. இன்னிக்கு என்ன புதுசா?

— இன்னிக்கு நான் கேக்குறேன். அதான் புதுசு.

— முடியாது.

— நீ முடி வெட்டுறவதானே? கீழ பலகையில அப்படித்தான் எழுதியிருக்கு. பேரு, போன் நம்பரு, எல்லாம் பச்சைப் பெயிண்டுல.

— பலகை மத்தவங்களுக்கு.

— சரி. வெட்டாத. இதுக்கு மட்டும் பதில் சொல்லு. வெட்டுற நேரம் வந்துடுச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— எதுக்குக் கேக்குற?

— சும்மா. கண்ணை மூடிட்டுக் கேக்கணும் போல இருக்கு. நீ பேசு, நான் அப்படியே கெடக்குறேன்.

— ... நுனியைக் கையில அள்ளி சன்னல் பக்கம் பிடிப்பேன். முடிக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியக் கூடாது. தெரிஞ்சா மெலிஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

— என்னுதைப் பிடி.

— பிடிச்சுட்டேன்.

— என்ன தெரியுது?

— ... கடல் தெரியுது.

— எவ்வளவு தூரத்துக்கு?

— நாலு விரல்... இல்ல, அஞ்சு. மூடுபனி இறங்குது, அதுகூடத் தெரியுது. ஒரு கப்பல் நிக்குது.

— போகுதா வருதா?

— நிக்குது அக்கா. சும்மா நிக்குது.

— ம்ம்... நல்லா இருக்கு நீ சொல்றது. அப்புறம்?

— அப்புறம் சீப்பு சொல்லும். நல்ல முடியில சீப்பு சத்தமே போடாது. நுனி வெடிச்சிருந்தா கடைசி ஒரு சாண்ல சரசரன்னு கேக்கும். வெள்ளையா சின்னச் சின்னப் புள்ளி இருக்கும், பேன்முட்டைன்னு நெனைச்சு அம்மாக்காரிங்க பிள்ளையைத் திட்டுவாங்க. பேன்முட்டை இல்ல அது. அந்த இடத்துல முடி ஒடியப் போகுதுன்னு அர்த்தம்.

— வெட்டாம விட்டா?

— ஒரு முடி ரெண்டாப் பிளக்கும். பிளவு அப்படியே மேல ஏறும்.

— எதுவரைக்கும்?

— விட்டா விட்ட வரைக்கும். இன்னிக்கு ஒரு விரல் குடுக்க மாட்டேன்னு சொல்றவ, நாளைக்கு ஒரு முழம் குடுக்கணும்.

— கர்தூன் பட்டையைப் பத்திச் சொல்லலியே?

— ... அது எதுக்கு?

— சொல்லுடி. தூக்கம் வருது, நீ நிறுத்தினா முழிச்சுக்குறேன்.

— இருக்குறதுலயே அதுதான் பொய் சொல்லாது. முடியைப் பின்னாடி இறுக்கிக் கட்டி, துணிப்பட்டையை மேல இருந்து கீழ சுத்திட்டே வர்றோம்ல... நுனி நல்லா இருந்தா கடைசிச் சுத்து கப்புன்னு பிடிச்சுக்கும். மெலிஞ்சிருந்தா வழுக்கும். என்னதான் இறுக்கினாலும் காலைல எழுந்தா பட்டையோட வால் அவிழ்ந்து கெடக்கும்.

— போன வாரம் நீ சுத்திவிட்டது, வெள்ளிக்கிழமை காலைல அவிழ்ந்து கெடந்துச்சு.

— ஓ.

— அதுக்கு முந்தின வாரமும்.

— பட்டை பழசாயிடுச்சு. புதுசு ஒண்ணு நெய்யச் சொல்றேன்.

— பட்டைக்கு என்னடி கேடு? ரெண்டு தடவை ஒட்டுப்போட்டுத் தைச்சது நீதான். இரும்பு மாதிரி இருக்கு... இரு. கீழ யாரோ கூப்பிடுறாங்க.

— யாரும் இல்ல.

— "ஹூரியா"ன்னுதான் கேக்குது.

— பூனை.

— உன் பேரு தெரிஞ்ச பூனையா? போய் எட்டிப் பாரு.

— அக்கா, வாயை மூடிட்டு இரு கொஞ்சம்... யாரு, சகியாவா? கை முழுக்க எண்ணெய், இறங்கி வர முடியல... ஆமா, ஒரு தலை காயணும்... மார்க்கெட்டுக்குப் போயிட்டு வாங்களேன்? சாயங்கால அஸர் பாங்கு சொன்னதும் வாங்க... ம்ம். ம்ம். இன்னிக்கே சொல்லிடுறேன்.

— லக்தரோட தங்கச்சிதானே?

— எந்த லக்தர்?

— எந்த லக்தரா? கெல்மா பஸ் ஓட்டுற லக்தர். நீ வியாபாரச் சாமான் வாங்கப் போறப்பல்லாம் முன் சீட்டுல தன்னோட கோட்டை வெச்சு இடம் பிடிக்கிற லக்தர்.

— உனக்கு யாரு சொன்னது?

— நாப்பத்தஞ்சு பேரு உக்கார்ற பஸ்ஸுடி அது. யாரு சொல்லலன்னு கேளு.

— அவரு மகளுக்கு ஆறு வயசு. தாயில்லாத பொண்ணு. முடி பின்னத் தெரியாம கயிறு முறுக்குற மாதிரி முறுக்கி விட்டிருந்தாரு. பாவமேன்னு சொல்லிக் குடுத்தேன். அவ்வளவுதான்.

— கத்துக்கிட்டாரா?

— ... ரெண்டே நாள்ல. இப்ப என்னைவிட நேரா வகிடு எடுக்குறாரு.

— பொண்ணு கேட்டு வந்திருக்காங்க. இன்னிக்குப் பதில் சொல்லணும். அதானே?

— ஆமா.

— என்ன சொல்லப் போற?

— முடியாதுன்னு.

— ஏன்?

— ஏன்னா? ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணினவ நான். உன் தம்பிக்கு.

— அவன் படகு ஏறிப் பதினோரு வருஷம். கடலுக்கு அந்தப் பக்கம் சார்தீனியாவுல இருந்து, போய்ச் சேர்ந்துட்டேன்னு பக்கத்து வீட்டுக்கு ஒரு போன். பெருநாளைக்கு ஒண்ணு. அப்புறம் சத்தமே இல்ல.

— நீ காத்திருக்கல? தலையில சுமந்துட்டுக் காத்திருக்கல?

— நான் அக்காடி. தம்பி வந்தாலும் வராட்டியும் என் அடுப்பு எரியும், தாஹர் குறட்டை விடுவாரு. உனக்கு முப்பத்தேழு வயசு.

— முப்பத்தாறரை.

— அந்த அரையையாவது லக்தருக்குக் குடு.

— சிரிக்காத. எனக்குச் சிரிப்பு வரல.

— நானும் சிரிக்கல. உனக்கு அவரைப் பிடிச்சிருக்கா இல்லியா, அதைச் சொல்லு.

— ... கெல்மா போறதுக்கு ஒண்ணரை மணி நேரம். போன மாசம் வழியில டயர் போயிடுச்சு. எல்லாரும் புலம்பறாங்க. நான் மட்டும் இன்னொரு டயரும் போகாதான்னு உக்கார்ந்திருந்தேன்.

— அப்ப எதுக்குடி முடியாதுன்னு சொல்ற?

— ... சொன்னா திட்டுவ.

— சொல்லலைன்னாலும் திட்டுவேன்.

— நான் சரின்னா இந்தத் தெரு என்ன சொல்லும்? நிச்சயம் பண்ணினவளே கைகழுவிட்டா, இனி நாதிராவது வர்றதாவதுன்னு சொல்லும். அது உன் காதுல விழும். இந்த முடியைத் தோள்ல போட்டுட்டு நீ ஒருத்தி மட்டும் ஹம்மாமுக்குப் போகணும், வரணும். என்னால அதைப் பார்க்க முடியாதுக்கா. உன்னை இங்க தனியாக் காத்திருக்க விட்டுட்டு நான் அந்தப் பஸ்ல ஏற மாட்டேன்.

— ... அதுக்குத்தான்டி வெட்டச் சொல்றேன்.

— எதுக்கு?

— சகியா மேல ஏறி வரும்போது தரையில என் முடி கெடக்கணும். அவ பார்த்தா போதும், நாளைக்கு ஊருக்கே தெரிஞ்சிடும். அக்காக்காரியே வெட்டிட்டா, ஹூரியா பாவம் என்ன பண்ணுவான்னு பேசுவாங்க. பேச்சு என்கிட்ட வரட்டும். எனக்குக் காது பழகினது.

— எனக்காகச் சத்தியத்தை உடைப்பியா?

— கழுத்து வலியும் இருக்கு.

— வேணாம். கேட்டதே பாவம். நாளைக்கே அவன் வந்து வாசல்ல நின்னா?

— நின்னா எங்கடா போனன்னு ரெண்டு அடி குடுத்துட்டு, உக்கார வெச்சுச் சோறு போடுவேன். முடியை அளந்து பார்த்துட்டா உள்ள விடுவேன்?

— பேச்சு மட்டும் நல்லா இருக்கு. கண்ணு கலங்குது பாரு.

— காப்பி ஆவி. ... ஹூரியா, நேத்து மறுபடியும் அந்தக் கனவு.

— எந்தக் கனவு?

— கர்தூனை அவிழ்க்குறேன். அவிழ அவிழ வந்துட்டே இருக்கு. படிக்கட்டுல இறங்குது, தெருவுல போகுது. மரத்தடியில ஐஸ்கிரீம் சாப்பிடுறவங்க எல்லாம் காலைத் தூக்கி வழி விடுறாங்க. யாரும் ஆச்சரியப்படல. துறைமுகத்துல போய்த் தண்ணியில இறங்குது. நனையவே மாட்டேங்குது. அந்தப் பக்கம் யாரோ நுனியைப் பிடிச்சிருக்காங்க.

— இழுக்குறாங்களா?

— இழுக்கல. சும்மா பிடிச்சிருக்காங்க. நான் விழுந்துடாம இருக்க.

— நாதிர்.

— நானும் அப்படித்தான் வருஷக்கணக்கா நெனைச்சேன். நேத்து தண்ணி மேல நடந்து கிட்டப் போயிட்டேன். எப்படி நடந்தேன்னு கேக்காத. ஒரே மூடுபனி. முகம் தெரியல. கை மட்டும் தெரிஞ்சுது. கட்டைவிரல்ல காய்ப்பு.

— ... என்ன காய்ப்பு?

— கத்தரி பிடிச்சுப் பிடிச்சு வர்ற காய்ப்பு.

— ஹம்மாம்ல ரொம்ப நேரம் இருந்துட்ட. ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு.

— இருக்கும். ... ஏன்டி, இன்னிக்கு உனக்கு இருமல் வரலியா?

— என்ன இருமல்?

— வருஷத்துக்கு நாலு தடவை வருமே. இலந்தைப்பழம் மார்க்கெட்டுக்கு வந்தா ஒரு தடவை கண்டிப்பா வரும். பழம் வந்து பத்து நாளாச்சு, இன்னும் நீ இருமலியேன்னு பார்க்குறேன்.

— எனக்கு... தூசி ஒத்துக்காது.

— மூணு இருமல். எண்ணி மூணு. மூணாவதுல என் தலை ஒரு விரல் கனம் குறையும்.

— தலையைக் குனி, பின்னாடி சீவணும்.

— செராய்தி மலையில இருந்து சொல்லிவெச்சுத் தேன் வாங்கிக் குடுத்தேனே, அந்த இருமலுக்கு. நல்லா இருந்துச்சா?

— அக்கா...

— நல்லா இருந்துச்சான்னு கேட்டேன்.

— ... ரொட்டில தடவிச் சாப்பிட்டேன்.

— தெரியும்.

— எப்பக் கண்டுபிடிச்ச?

— முதல் தடவையே. உன் கர்தூன் பொய் சொல்லாதுன்னு நீதானே சொன்ன? ஒவ்வொரு வியாழக்கிழமையும் நீ சுத்தச் சுத்த மனசுக்குள்ள எண்ணிட்டே இருப்பேன். தஸ்பீஹ் மணி உருட்டுற மாதிரி, எண்ணினா தூக்கம் வரும். நாப்பத்தேழுன்னா நாப்பத்தேழு. உனக்கு இருமல் வந்த அன்னிக்கு மட்டும் நாப்பத்தாறு.

— நான் நெருக்கி நெருக்கிச் சுத்துவேனே, கணக்கு சரியா வரட்டும்னு...

— அதான் அன்னிக்கெல்லாம் தலைவலி. அப்பவும் ஒரு சுத்து குறைஞ்சுது.

— எட்டு வருஷமா தெரிஞ்சுட்டே உக்கார்ந்திருந்தியா? முடி முழங்காலைத் தாண்டவே மாட்டேங்குதுன்னு எல்லாரும் கண்ணேறு கழிச்சாங்களே, உங்க பெரியம்மா சாம்பிராணி போடுறேன்னு நுனியில நெருப்பு வெச்சாங்களே... அப்பகூட வாயைத் திறக்கலியே நீ?

— நெருப்பு வெச்ச அன்னிக்குக் கருகினதை வெட்டுறதுக்கு நீ அஞ்சு தடவை இருமின. பெரியம்மா உனக்குக் காசநோய்னு நெனைச்சாங்க.

— ஏன் என் கையைப் பிடிக்கல? சத்தியத்தை உடைக்கிறாளேன்னு உனக்குக் கோவம் வரலியா?

— வரல. முதல் தடவை உடம்பு விறைச்சுப் போச்சு, அது உண்மை. அப்புறம்... அந்த இருமலுக்கு நடுவுல நீ மூச்சே விட மாட்ட. அவ்வளவு மெதுவா என் தலையை யாரும் தொட்டதில்ல, எங்க அம்மாகூட. உனக்காக அது பண்றேன், இது பண்றேன்னு ஊரெல்லாம் வாயால சொல்லும். நீ ஒருத்திதான் சொல்லாம பண்ணின. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. அடுத்த இருமல் எப்ப வரும்னு காத்திருப்பேன்.

— வெட்டினதைத் தூக்கிப் போடல. மேல் அலமாரில இருக்கு. ஒவ்வொண்ணும் நூல் கட்டி, தாள்ல சுத்தி.

— அதுவும் தெரியும். மாவு டப்பாவுக்குப் பின்னாடி.

— உனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கா?

— இருக்கு. ஒண்ணே ஒண்ணு. எட்டு வருஷத்துக்கு முன்னாடி திடீர்னு ஏன் ஆரம்பிச்ச?

— நுனி வெடிச்சிருந்துச்சு.

— அதுக்கு முந்தின மூணு வருஷமும் வெடிச்சுத்தான் இருந்துச்சு. அப்ப எண்ணெய் மட்டும் தடவின. கத்தரியைக் கண்ணுல காட்ட மாட்ட, என் சத்தியத்துக்கு அவ்வளவு மரியாதை. அப்புறம் ஒரு வியாழக்கிழமை இருமின. ஏன்?

— ... சூடு குறைஞ்சுடுச்சா காப்பி? இன்னும் கொஞ்சம் ஊத்தவா?

— பேச்சை மாத்தாத.

— காரணம் ஒண்ணும் இல்லக்கா.

— சரி. சொல்லாத. கத்தரியை எடு.

— மாட்டேன். மறைச்சு ஒரு விரல் வெட்டுறது வேற. தெரிஞ்சு ஒரு சாண் வெட்டுறது வேற. அதை நான் பண்ண மாட்டேன்.

— அப்ப நான் பண்றேன். குடு இப்படி.

— அக்கா, வை அதை. அது முடி வெட்டுற கத்தரிகூட இல்ல, துணி வெட்டுறது... அக்கா. ஐயோ. ஐயோ, என்ன பண்ணின?

— வெட்டினேன். இந்தா. சன்னல்ல பிடி. கடல் தெரியுதா?

— கோணல்மாணலா... இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. எலி கடிச்ச மாதிரி இருக்கு. எவ்வளவு வருஷமா நான் நேராப் பாத்துப் பாத்து... நீ பாட்டுக்கு...

— அழுறியா?

— கோணலா இருக்குன்னு அழுறேன்.

— அப்ப நேராக்கு. உன் தொழில்தானே?

— ... திரும்பு. நேரா உக்காரு. தலையை நிமிர்த்து. கொஞ்சம் கீழ... அவ்வளவுதான்.

— இருமலியா?

— வாயை மூடு.

— எவ்வளவு நல்லா இருக்கு இந்தச் சத்தம். எட்டு வருஷமா இந்தச் சத்தத்தைக் கேக்க விடாம இருமிட்டியே.

— ஆடாத. ... இங்க தொட்டுப் பாரு. நுனி தடிமனா இருக்கா? இதான் நல்ல முடி. இது இத்தனை நாளும் மேலயே இருந்துச்சு.

— தலை காத்துல போகுது. எழுந்தா மிதப்பேன் போல.

— எழாத. இன்னும் ஒரு பக்கம் இருக்கு. ... அக்கா.

— ம்ம்?

— நான் சகியாகிட்ட சரின்னு சொன்னா... நீ என்னைப் பத்திக் கெட்டவளா நெனைக்கக் கூடாது. அவனை விட்டுட்டுப் போறவன்னு நெனைக்கக் கூடாது.

— நெனைக்க மாட்டேன்.

— நீ நெனைக்க மாட்ட. நான்தான் நெனைப்பேன், உன்கிட்ட ஒண்ணைச் சொல்லாமப் போனா. திரும்பிப் பார்க்காத. அப்படியே முன்னாடி பார்த்துட்டு இரு. உன் முகத்தைப் பார்த்தா வராது எனக்கு.

— கடலைத்தான் பார்க்குறேன். சொல்லு.

— எட்டு வருஷத்துக்கு முன்னாடி, இலந்தைப்பழம் வந்த நேரம், இங்க போன் அடிச்சுது. யாரோ தலைக்கு நேரம் கேக்குறாங்கன்னு எடுத்தேன். அவன்... நாதிர்.

— ம்ம். வெட்டிட்டே சொல்லு.

— நல்லா இருக்கானாம். வேலை இருக்காம். அங்க ஒரு பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டானாம். என் முன்னாடி வந்து நிக்க முகம் இல்லியாம், அதனால ஊருக்கே வர மாட்டேன்னான். என்னை மன்னிச்சுடு, காத்திருக்காதன்னான். அப்புறம்... அக்காவுக்கு எதுவும் தெரியாது, அவகிட்ட சொல்லிடாதன்னான். நான் சரின்னேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியல. சரி, சரின்னு சொல்லிட்டே இருந்தேன்.

— அழுதியா?

— போனை வெச்சுட்டு ஒரு கல்யாணப் பொண்ணுக்குத் தலை அலங்காரம் பண்ணினேன். நல்லா வந்துச்சு. அடுத்த நாள் வியாழக்கிழமை, நீ ஹம்மாம்ல இருந்து வந்து இதே நாற்காலியில கண்ணை மூடி உக்கார்ந்த. நான் நுனியைச் சன்னல்ல பிடிச்சேன். இவ்வளவு தூரத்துக்குக் கடல் தெரிஞ்சுது. வராதவனுக்காக இந்த முடி ஏன் சாகணும்னு தோணிச்சு. இருமினேன்.

— உனக்காக எதையும் வெட்டிக்கல. எனக்கு மட்டும் வெட்டின.

— உன்கிட்ட சொல்லியிருந்தா நீ உடைஞ்சு போயிருப்ப. நீ நம்பிட்டு இருக்க, நானும் கூட நம்பிட்டு இருக்குற மாதிரி இருந்துட்டேன். கஷ்டமா ஒண்ணும் இல்ல, காத்திருக்கிறவகிட்ட யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. பழகிடுச்சு. லக்தர் வந்து கோட்டை வெச்சு சீட்டுப் பிடிக்கிற வரைக்கும் பழகித்தான் இருந்துச்சு. ... முடிஞ்சுது. நேரா வந்துடுச்சு. அக்கா? ஏதாவது பேசு. தம்பியைப் பத்தி உன்கிட்ட இத்தனை வருஷம் மறைச்சிருக்கேன், திட்டவாவது செய். ... தோள் குலுங்குது. அழாதக்கா. இந்தப் பக்கம் திரும்பு, பார்க்குறேன்... நீ அழல. சிரிக்கிற. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிக்கிற. என்ன அக்கா இது? அங்க பாங்கு சொல்லிட்டாங்க, கதவைத் தட்டுறாங்க, நீ சிரிச்சுட்டு இருக்க.

— அவன் படகு ஏறி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்டி நீ கடையே போட்ட, போனே வாங்கின. கீழ இருக்குற பலகையைச் சார்தீனியாவுல உக்கார்ந்து படிச்சானா? கல்யாணம் ஆனதை எனக்குத்தான் முதல்ல சொன்னான். ஹூரியாகிட்ட நீயே சொல்லுடா, எனக்குத் தெரியும்னு காட்டிக்காத, அவ என் முன்னாடி கூனிக் குறுகிப் போவான்னு சொல்லி, உன் நம்பரைக் குடுத்தது நான். நீ அழவும் இல்ல, ஒரு வார்த்தை சொல்லவும் இல்ல. பயந்தாங்கொள்ளி போனே பண்ணலன்னு நெனைச்சேன். நீ இன்னும் காத்திருக்க, நான் வெட்டினா அவன் வர மாட்டான்னு உனக்குத் தெரிஞ்சிடுமேன்னுதான் எட்டு வருஷமா இந்த முடியைச் சுமந்தேன். போ, கண்ணைத் துடைச்சுட்டுக் கதவைத் திற.